ரெண்டு தடவை மிதிக்கிற பிரேக்: அப்பாவின் அம்பாசிடரைப் பிரித்துப் பார்த்த கதை

புதுக்கோட்டையிலிருந்து தஞ்சாவூர் சாலையில் எங்கள் ஊர் கந்தர்வக்கோட்டைக்கு வரும்போது நடுவில் ஆதனக்கோட்டை வரும். சாலையோரம் முந்திரிப் பருப்பை வறுத்து விற்கிற ஊர். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் முன்னால் போகிற வண்டி இண்டிகேட்டர்கூடப் போடாமல் சட்டென்று நிற்கும். இந்தச் சாலையில் ஓட்டுகிற எல்லாருக்கும் இது தெரியும்.

போன வருடம் பொங்கல் லீவில் அப்படித்தான் ஒரு கார் நின்றது. பின்னால் நான், அப்பாவின் 1978 மாடல் அம்பாசிடரில். பக்கத்தில் அம்மா, பின்சீட்டில் மனைவியும் பையனும். வேகம் அறுபது இருக்கும். பிரேக்கை மிதித்தேன். பஞ்சு மூட்டையில் கால் வைத்தது போல பெடல் கீழே போனது, வண்டி பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. காலை எடுத்து மறுபடி மிதித்தேன். இந்தத் தடவை பிடித்தது. நின்றபோது முன்வண்டியின் பம்பருக்கும் எங்கள் பம்பருக்கும் நடுவில் ஒரு முழம் இருந்திருக்கும்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அம்மாதான் ஆரம்பித்தார்: "ஏம்ப்பா, ரெண்டு தடவ மிதிக்கணும்னு அப்பா சொல்லிக் குடுத்தாருல்ல? மறந்துட்டியா?"

மறந்துதான் போயிருந்தேன். சென்னையில் நான் ஓட்டுவது புது வண்டி. அதில் ஒரே மிதி. ஆனால் அம்பாசிடரில் முதல் மிதி சும்மா, இரண்டாவது மிதிதான் பிரேக் என்பது எங்கள் வீட்டில் இருபது வருடமாகப் பாடம். அப்பா அதை ஒரு தத்துவம் மாதிரியே சொல்வார்: "மொத மிதி வண்டிகிட்ட சொல்றது. ரெண்டாவது மிதி நிக்கச் சொல்றது." சித்தப்பா அப்படித்தான் ஓட்டினார். நானும் அப்படித்தான் கற்றுக்கொண்டேன். அம்பாசிடர் என்றால் பிரேக் இப்படித்தான் இருக்கும் என்று எல்லாரும் நம்பினோம்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அரை நொடி கணக்குதான் மண்டையில் ஓடியது. அறுபது கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு 16.7 மீட்டர் போகும். காலை எடுத்து இரண்டாவது தடவை மிதிக்க அரை நொடி ஆனால் 8 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். அதாவது ஏறக்குறைய இரண்டு அம்பாசிடர் நீளம். அந்த இரண்டு வண்டி நீளத்தை நாங்கள் இருபது வருடமாக ரோட்டில் கடன் வாங்கி ஓட்டியிருக்கிறோம்.

என் தொழிலில் இதற்கு ஒரு பெயர் உண்டு: வொர்க்அரவுண்ட். புரோகிராமில் ஒரு கோளாறு இருக்கும். அதைச் சரி செய்யாமல், "அந்தப் பட்டனை ரெண்டு தடவை அமுக்குங்க, வேலை செய்யும்" என்று யாரோ சொல்லிவிடுவார்கள். பத்து வருடம் கழித்து அது கோளாறு என்பதே எல்லாருக்கும் மறந்து போய்விடும். எங்கள் பிரேக்குக்கு நடந்ததும் அதுதான். அந்தக் கோளாறைத் தேடிப் போனதில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பிரேக் உண்மையில் செய்யும் வேலை

பிரேக் வண்டியை நிறுத்துகிறது என்று சொல்கிறோம். இயற்பியல் கணக்கில் அது செய்வது ஒன்றே ஒன்று: ஓட்டத்தை வெப்பமாக மாற்றுகிறது. ஆட்களோடு 1,400 கிலோ இருக்கிற வண்டி 80 கி.மீ. வேகத்தில் போகும்போது அதில் இருக்கும் ஆற்றல் சுமார் 346 கிலோஜூல். ஒரு லிட்டர் தண்ணீரைச் சாதாரண வெப்பத்திலிருந்து கொதிக்க வைக்க இதைவிடக் கொஞ்சம் குறைவாகவே போதும். அதாவது 80-இல் ஒரு தடவை பிரேக் பிடித்து நிற்பது, நாலு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரு லிட்டர் வெந்நீர் போடுவதற்குச் சமம். அதுவும் நாலைந்து நொடிக்குள்.

வேகம் இரட்டிப்பானால் ஆற்றல் நான்கு மடங்கு. 40-இல் நன்றாகப் பிடிக்கிற பிரேக் 80-இலும் அப்படியே பிடிக்கும் என்று நினைப்பது தவறு. "ஊருக்குள்ள ஓட்டும்போது நல்லாத்தானே இருக்கு" என்கிற பேச்சு எதையும் நிரூபிக்காது.

காலிலிருந்து சக்கரம் வரை

அம்பாசிடர் என்பது பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசை கார். மேற்கு வங்கத்தில் உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1950-களின் கடைசியிலிருந்து 2014 வரை தயாரித்தது. எங்கள் வண்டியில் நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். பெடலுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இருப்பது கம்பி இல்லை, திரவம். பட்டறையில் இதை பிரேக் ஆயில் என்போம். உண்மையில் இது எண்ணெய் வகையே இல்லை. ஏன் அது முக்கியம் என்று பிறகு சொல்கிறேன்.

பள்ளியில் படித்த பாஸ்கல் விதிதான். மூடிய திரவத்தில் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லா இடத்துக்கும் ஒரே அளவில் போகும். உதாரணத்துக்கு ஒரு கணக்குப் போடுவோம். கால் 30 கிலோ அழுத்துகிறது. பெடல் ஒரு நெம்புகோல், ஐந்து மடங்கு ஆக்குகிறது: 150 கிலோ. இது முக்கால் அங்குல விட்டமுள்ள மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனைத் தள்ளுகிறது. அதன் பரப்பு 2.85 சதுர செ.மீ. ஆகவே குழாயில் அழுத்தம் சதுர செ.மீ.க்கு சுமார் 53 கிலோ. சக்கரத்தில் இருக்கும் வீல் சிலிண்டர் ஒரு அங்குல விட்டம் என்றால் அதன் பிஸ்டன் ஒவ்வொன்றும் 267 கிலோ விசையில் ஷூவை டிரம்மோடு அழுத்தும். கால் கொடுத்தது 30 கிலோ.

இலவசமாக எதுவும் கிடைக்காது. விசையில் லாபம் என்றால் தூரத்தில் நஷ்டம். எங்கள் வீட்டு ரகசியம் இந்த நஷ்டத்தில்தான் ஒளிந்திருந்தது.

முன்சக்கரம் ஒவ்வொன்றிலும் இரண்டு பிஸ்டன், பின்சக்கரம் ஒவ்வொன்றிலும் இரண்டு. மொத்தம் எட்டு. லைனிங் தேய்ந்து, ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவில் இடைவெளி வெறும் 1 மி.மீ. கூடியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு பிஸ்டனும் 1 மி.மீ. கூடுதலாக நகரச் சுமார் 4 கன செ.மீ. திரவம் கூடுதலாக வேண்டும். அதை அனுப்ப மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டன் 1.4 செ.மீ. போக வேண்டும். பெடல் அதைப் போல் ஐந்து மடங்கு, அதாவது 7 செ.மீ. கீழே இறங்க வேண்டும். சக்கரத்தில் ஒரு மில்லிமீட்டர், காலடியில் ஏழு சென்டிமீட்டர்!

பெடலின் மொத்த ஓட்டமே கிட்டத்தட்ட இவ்வளவுதான். முதல் மிதி ஷூவை டிரம் பக்கத்தில் கொண்டுபோய் விடுவதிலேயே தீர்ந்துவிடுகிறது. காலைச் சட்டென்று எடுத்தால், ஷூ முழுதாகப் பின்வாங்குவதற்குள் மாஸ்டர் சிலிண்டர் மேலே இருக்கும் டப்பாவிலிருந்து கொஞ்சம் திரவத்தை உள்ளே இழுத்துக்கொள்கிறது. இரண்டாவது மிதிக்கு ஷூ ஏற்கெனவே பக்கத்தில் நிற்கிறது, பிரேக் பிடிக்கிறது.

அப்பாவின் தத்துவத்துக்கு விளக்கம் இவ்வளவுதான். அது அம்பாசிடரின் குணம் இல்லை, ஷூவை டைட் வைக்காத குணம்.

பெடல் சொல்லும் மூன்று கதை

பழைய வண்டி வைத்திருப்பவர்கள் கருவி எதுவும் இல்லாமல் செய்யக்கூடிய சோதனை இது. வண்டியை நிறுத்திவிட்டுப் பெடலை மிதித்துப் பாருங்கள்.

முதல் மிதி ஆழமாகப் போய், வேகமாக மறுபடி மிதித்தால் மேலேயே கெட்டியாக நின்றால்: ஷூ இடைவெளி அதிகம். அட்ஜஸ்ட்மென்ட் வேலை.

மிதிக்கும்போது ஸ்பிரிங் மாதிரி, ஸ்பாஞ்ச் மாதிரி இருந்தால்: குழாயில் காற்று புகுந்திருக்கிறது. திரவத்தை அமுக்க முடியாது, காற்றை அமுக்க முடியும். காற்றை எடுத்தால் மட்டும் போதாது, எந்த வழியாக உள்ளே வந்தது என்று பார்க்க வேண்டும்.

கெட்டியாக நின்ற பெடல், காலை அழுத்திப் பிடித்திருக்கும்போது மெல்ல மெல்லத் தரையை நோக்கி இறங்கினால்: எங்கோ கசிகிறது. வெளியே ஈரம் தெரியவில்லை என்றால் மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் கப் தேய்ந்து, திரவம் பிஸ்டனைத் தாண்டிப் பின்னால் போகிறது. இப்படி இறங்கும் வண்டியை ஓட்டிக்கொண்டு பட்டறைக்குப் போகாதீர்கள். மெக்கானிக்கை வீட்டுக்குக் கூப்பிடுங்கள்.

எங்கள் வண்டி முதல் கதையைச் சத்தமாகவும் மூன்றாவது கதையை முணுமுணுப்பாகவும் சொன்னது.

பிரித்தபோது

எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணன் அப்பா காலத்திலிருந்து இந்த வண்டியைப் பார்ப்பவர். "தம்பி, டிஸ்க் பிரேக் மாத்திரலாமா? இப்ப எல்லாரும் அதான் போடுறாங்க" என்றார். எனக்கும் ஆசைதான். இணையத்தில் பார்த்த படங்கள் எல்லாம் கண்ணில் ஆடின. ஆனால் இருப்பது எப்படி இருக்கிறது என்று தெரியாமல் புதிதாக ஒன்றைப் போடுவது, பழைய கோடைப் படிக்காமல் புதிதாக எழுதுவது மாதிரி. "மொதல்ல பிரிச்சுப் பாத்துருவோம்ணே" என்றேன்.

நாலு சக்கரத்தையும் கழற்றினோம். (ஜாக்கி மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகக் கூடாது. ஸ்டாண்ட் கொடுத்த பிறகுதான் கையே வைத்தோம்.) கிடைத்தது இது:

முன் இடது டிரம்மின் உள்ளே ஓரத்தில் விளிம்பு விழுந்திருந்தது. நடுவில் தேய்ந்து ஓரம் நிற்கிறது. பின் வலது வீல் சிலிண்டர் கசிந்து, லைனிங் நனைந்து கறுத்திருந்தது. இன்னொரு பின் சிலிண்டரில் ஒரு பிஸ்டன் துருவில் பிடித்துக்கொண்டு அசையவே இல்லை. ஆக, பின்னால் இரண்டு சக்கரமும் பேருக்குத்தான் இருந்தன. சேஸிஸ் ஓரமாகப் போகும் இரும்புக் குழாய் ஓரிடத்தில் விரல் நகத்தால் சுரண்டினாலே உதிர்ந்தது. ரப்பர் ஹோஸ் மடக்கிப் பார்த்தால் வெடிப்பு.

டிரம்முக்குள் இருக்கும் கறுப்புப் பொடியை ஏர் அடித்து ஊதும் பழக்கம் பட்டறைகளில் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. அந்தத் தூசி நுரையீரலுக்குப் போனால் வெளியே வராது. பல வருடம் கழித்துப் புற்றுநோய்வரை கொண்டுபோகும். நாங்கள் முகக்கவசம் போட்டு, ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பைக்குள் போட்டுக் கட்டினோம். அண்ணன் முதலில் சிரித்தார். அப்புறம் அவரும் முகத்தை மூடிக்கொண்டார்.

பிரேக் ஆயில் ஏன் எண்ணெய் இல்லை

டப்பாவில் இருந்த திரவம் கறுங்காப்பி நிறத்தில் இருந்தது. கடைசியாக எப்போது மாற்றியது என்று கேட்டேன். "கொறைஞ்சா ஊத்துவோம்" என்றார் அண்ணன். மாற்றியதே இல்லை.

டாட் 3, டாட் 4 என்று கடையில் கிடைப்பவை கிளைகால் வகைத் திரவங்கள். காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும் குணம் உள்ளவை. ரப்பர் ஹோஸ் வழியாகக்கூடக் கொஞ்சம் கொஞ்சமாக ஈரம் உள்ளே போகும். தர விதிப்படி புது டாட் 3 குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. சுமார் 3.7 சதவீதம் தண்ணீர் கலந்துவிட்டால் அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடும். டாட் 4-க்கு 230, ஈரமானால் 155.

சமவெளியில் ஓட்டும்வரை இது தெரியாது. எழுபது கொண்டை ஊசி வளைவு உள்ள கொல்லிமலையில் இறங்கினால் தெரியும். வீல் சிலிண்டர் சூடாகி, உள்ளே இருக்கும் ஈரத் திரவம் கொதித்து நீராவிக் குமிழி ஆகும். ஆவியை அமுக்க முடியும், எனவே பெடல் தரைக்குப் போகும். கீழே வந்து வண்டி ஆறிய பிறகு மெக்கானிக் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். "பேய் பிடிச்ச மாதிரி பிரேக் போச்சு" என்று மலைப்பாதையில் ஓட்டுபவர்கள் சொல்லும் கதைகளில் பல இதுவாகத்தான் இருக்க வேண்டும். அதே ஈரம்தான் சிலிண்டரை உள்ளிருந்து துருப்பிடிக்க வைப்பதும். எங்கள் அசையாத பிஸ்டனுக்குக் காரணம் அந்தக் கறுங்காப்பி.

அவசரத்துக்கு இன்ஜின் ஆயிலை ஊற்றுகிறவர்களும் உண்டு. அதற்குத்தான் முன்பே சொன்னேன், இது எண்ணெய் இல்லை என்று. பெட்ரோலிய எண்ணெய் பட்டால் பிரேக்கின் ரப்பர் கப்புகள் ஊதிப்போகும். பிறகு ஒவ்வொரு ரப்பரையும் மாற்றியாக வேண்டும். இன்னொன்று: கிளைகால் திரவம் பெயின்ட்டைக் கரைக்கும். எங்கள் வண்டியின் மட்கார்டில் உள்ளங்கை அளவு பெயின்ட் இப்போது இல்லை. சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள்.

பழையதை முதலில் பழையபடி

டிரம்களைத் தஞ்சாவூரில் லேத்தில் கொடுத்து உள்பக்கம் கடைந்தோம். டிரம்மை எவ்வளவு வரை கடையலாம் என்பதற்கு எல்லை உண்டு. மெலிந்துபோனால் சூட்டைத் தாங்காமல் வெடிக்கும். அந்த விளிம்பு விழுந்த டிரம் எல்லையைத் தாண்டியிருந்ததால் வேறு வாங்கினோம். ஷூக்களுக்குப் புது லைனிங். லைனிங்கின் வளைவு, கடைந்த டிரம்மின் வளைவோடு படிய வேண்டும். படியாவிட்டால் நடுவில் மட்டும் தொடும், புது லைனிங் போட்டும் பிரேக் பிடிக்கவில்லை என்று புலம்புவோம். வீல் சிலிண்டர்கள் எல்லாம் புதிது. ஹோஸ் புதிது. இரும்புக் குழாய் புதிது.

குழாயில் ஒரு எச்சரிக்கை. ஏசிக்காரர்கள் வைத்திருக்கும் சாதாரணச் செம்புக் குழாய் வளைக்கச் சுலபம் என்று போட்டுவிடுவார்கள். வண்டி அதிர அதிர அது இறுகி விரிசல் விடும். பிரேக்குக்கென்று வரும் இரும்புக் குழாய், இல்லையென்றால் செம்பு-நிக்கல் கலவைக் குழாய். வேறெதுவும் வேண்டாம்.

உதிரிபாகம் தேடும்போது தெரிந்துகொண்ட ஒரு வரலாறு. 1911-இல் மதுரையில் பஸ் போக்குவரத்தில் தொடங்கிய டிவிஎஸ் குழுமம், பிரிட்டனின் கெர்லிங் பிரேக் நிறுவனத்தோடு சேர்ந்து 1962-இல் பிரேக்ஸ் இந்தியாவைத் தொடங்கியது. சென்னை பாடியில் இருக்கிறது. உத்தரபாராவில் பிறந்த வண்டியைப் பற்றித் தேடப் போய், நான் தினம் ஆபீஸ் போகிற வழிக்கு வந்து சேர்ந்தேன்.

மேம்படுத்துவது: எதை முதலில்?

இப்போதுதான் டிஸ்க் பேச்சு. 1953-இல் லெ மான் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் போட்ட ஜாகுவார் சி-டைப் ஜெயித்தபோதே டிரம்மின் காலம் முடியத் தொடங்கிவிட்டது. டிஸ்க் காற்றில் திறந்திருப்பதால் சீக்கிரம் ஆறும், மழையில் நனைந்தாலும் உடனே உலரும், தானே அட்ஜஸ்ட் ஆகிக்கொள்ளும். பின்னாளில் வந்த அம்பாசிடர்களிலும் முன்சக்கர டிஸ்க் வந்தது. ஆசைப்படுவதில் தப்பில்லை.

ஆனால் பிரேக் ஒரு பாகம் இல்லை, ஒரு அமைப்பு. ஒன்றை மாற்றினால் நாலு மாறும்.

டிரம்மில் ஒரு தந்திரம் இருக்கிறது. சுற்றும் டிரம், சரியான பக்கம் மாட்டிய ஷூவைத் தன்னோடு இழுத்து இன்னும் இறுக்கிக்கொள்ளும். எங்கள் வண்டியின் முன்சக்கரங்களில் இரண்டு ஷூவுமே அப்படி மாட்டியவை. (ரிவர்ஸ் போகும்போது இது தலைகீழாகும். மேட்டில் பின்னால் உருளும் அம்பாசிடர் பிரேக்குக்கு ஏன் அவ்வளவு அடம் பிடிக்கிறது என்பதற்கு இதுதான் காரணம்.) டிஸ்க்கில் இந்தச் சுய உதவி கிடையாது. ஆகவே டிஸ்க் போட்டால் கால் பலம் போதாது, சர்வோ வேண்டும். சர்வோ இன்ஜினின் உறிஞ்சு வெற்றிடத்தில் வேலை செய்வது. பெட்ரோல் இன்ஜினில் அது இருக்கும். டீசல் இன்ஜினில் இல்லை, தனியாக வேக்கம் பம்ப் வேண்டும். அதோடு, இன்ஜினை அணைத்துவிட்டு இறக்கத்தில் உருட்டும் பழக்கம் இருந்தால் சர்வோவின் உதவி இரண்டு மூன்று மிதியில் காலியாகிவிடும்.

அடுத்து, டிரம் வண்டியின் மாஸ்டர் சிலிண்டர் குழாயில் எப்போதும் கொஞ்சம் அழுத்தத்தை மிச்சம் வைக்கும் வால்வு கொண்டதாக இருக்கலாம். அதே அழுத்தம் டிஸ்க்குக்குப் போனால் பேட் உரசிக்கொண்டே இருக்கும். அடுத்து, முன்னுக்கும் பின்னுக்கும் பிரேக் பங்கு. பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாயும். அப்போது பின்சக்கரம் முதலில் சிக்கிக்கொண்டால் வண்டி சுழன்றுவிடும். முன்னால் மட்டும் மாற்றினால் இந்தக் கணக்கையும் மறுபடி போட வேண்டும்.

இன்னொரு குறுக்கு வழியும் சொன்னார்கள்: "மாஸ்டர் சிலிண்டரைப் பெருசா போட்டுருங்க, பெடல் கல்லு மாதிரி நிக்கும்." மேலே போட்ட கணக்கில் முக்கால் அங்குலத்துக்குப் பதில் முக்காலே அரைக்கால் அங்குலம் வைத்துப் பாருங்கள். பரப்பு 3.88 சதுர செ.மீ. ஆகிறது. அதே 30 கிலோ காலுக்கு அழுத்தம் 53-இலிருந்து 39 கிலோவாகக் குறைகிறது. பெடல் கெட்டியாக இருக்கும், பிரேக் கால்வாசி குறைந்திருக்கும். கெட்டியான பெடல் நல்ல பிரேக் என்று கால் நம்பிவிடும். அதுதான் ஆபத்து.

கடைசியில் நான் செய்த ஒரே மேம்பாடு வெளியே தெரியாதது: இரட்டை மாஸ்டர் சிலிண்டர். எங்கள் வண்டியில் நாலு சக்கரத்துக்கும் ஒரே திரவச் சுற்று. எங்காவது ஒரு ஹோஸ் வெடித்தால் நாலும் போச்சு. மிச்சம் கை பிரேக் மட்டும். அந்த உதிர்ந்த குழாயைக் கையில் வைத்துக்கொண்டு இதை யோசித்தபோது வயிற்றைக் கலக்கியது. இரட்டைச் சிலிண்டரில் ஒரே தண்டில் இரண்டு பிஸ்டன், இரண்டு அறை. முன்சக்கரங்களுக்கு ஒன்று, பின்சக்கரங்களுக்கு ஒன்று. ஒன்றில் கசிந்தால் பெடல் ஆழமாக இறங்கும், ஆனால் மற்றது பிடிக்கும். நல்ல பிரேக் இல்லை, ஆனால் ஏதோ ஒரு பிரேக். சர்வரில் பேக்கப் வைக்கிற நான், அம்மா உட்காரும் வண்டியில் அது இல்லாமல் ஓட்டியிருக்கிறேன்.

விட்டம் மாறாமல் பார்த்து வாங்கினோம். பெரிய மாற்றம் செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஆர்சியில் உள்ள விவரங்களிலிருந்து வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. கையை வைக்கும் முன் ஆர்டிஓ ஆபீசில் கேட்டுவிடுங்கள். நம் ஊரில் மோட்டார் வாகன ஆய்வாளருக்குப் பெயரே பிரேக் இன்ஸ்பெக்டர்தான். மக்கள் சும்மா வைக்கவில்லை அந்தப் பெயரை.

நாங்கள் செய்த தப்பு

எல்லாம் மாட்டி, பெடல் அருமையாக நின்றது. அண்ணனும் நானும் ஊருக்கு வெளியே ஒரு ரவுண்ட் போனோம். ஆறு கிலோமீட்டர் போவதற்குள் வண்டி தானாக இழுக்க ஆரம்பித்தது. இறங்கிப் பார்த்தால் டிரம் பக்கத்தில் கை வைக்க முடியவில்லை.

காரணம் ஒரு மில்லிமீட்டர். பெடலை விட்டிருக்கும்போது அதன் தள்ளுதண்டுக்கும் மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனுக்கும் நடுவில் அந்த அளவு இடைவெளி இருக்க வேண்டும். அப்போதுதான் பிஸ்டன் முழுதாகப் பின்னால் வந்து, டப்பாவுக்குப் போகும் சின்னத் துளை திறக்கும். பெடலில் ப்ளே இருக்கக் கூடாது என்று நாங்கள் தண்டை நீளமாக்கி வைத்திருந்தோம். துளை மூடியே இருந்தது. சூட்டில் விரிந்த திரவம் திரும்பிப் போக வழியில்லாமல் ஷூவைத் தானே அழுத்தியது. அழுத்த அழுத்தச் சூடு, சூடாக ஆக அழுத்தம். அரை மணி நேரம் புளிய மரத்தடியில் ஆறவிட்டு, தண்டை ஒன்றரைச் சுற்று குறைத்து வைத்தோம். சரியானது.

காற்று எடுத்தல், அளந்து பார்த்தல்

காற்று எடுப்பதற்கு இரண்டு பேர் வேண்டும். பெடலில் அம்மா, சக்கரத்தடியில் நான். மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரமான சக்கரத்தில் தொடங்கிப் பக்கத்துச் சக்கரத்தில் முடிக்க வேண்டும். "அமுக்கும்மா… பிடிங்க… இப்ப விடுங்க." நான் நிப்பிளை மூடுவதற்கு முன் காலை எடுத்தால் காற்று திரும்ப உள்ளே போய்விடும். ஒரே ஒரு தடவைதான் அம்மா முந்திவிட்டார். "எட்டு ஷூ, ரெண்டு கண்ணாடிக் குழாய், இதுக்கா ரெண்டு மாசம்?" என்று மட்டும் கேட்டார்.

வேலையை ஆரம்பிக்கும் முன் ஒரு விடியற்காலையில், ஆளில்லாத கிளைச் சாலையில், போனின் ஜிபிஎஸ் வேகம் பார்த்து 40-இல் பிரேக் பிடித்து, சுண்ணாம்புக் கோட்டிலிருந்து டேப்பில் அளந்து வைத்திருந்தேன். முதல் மிதி வீணான தூரத்தைச் சேர்க்காமலே 17 மீட்டர். புது லைனிங் படிய ஐநூறு கிலோமீட்டர் நிதானமாக ஓட்டிய பிறகு அதே இடத்தில் அளந்தேன். 11 மீட்டர். ஒரே மிதியில்.

டிஸ்க் இல்லை, சர்வோ இல்லை. இந்த ஆறு மீட்டர் முழுக்க, இந்த வண்டி ஆலையிலிருந்து வந்த நாளில் அதனிடம் இருந்ததுதான். நாங்கள்தான் கொஞ்சம் கொஞ்சமாகத் தொலைத்துவிட்டு, தொலைத்தது தெரியாமல் இருக்க ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொண்டோம்.

உங்கள் வீட்டில் ஒரு பழைய வண்டி இருந்தால், அதன் பிரேக்கைப் பற்றி வீட்டில் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். "கொஞ்சம் முன்னாடியே மிதிக்கணும்", "லேசா இடது பக்கம் இழுக்கும், பிடிச்சுக்கணும்", "மழையில மட்டும் பாத்துக்கோ". அது எதுவும் வண்டியின் குணம் இல்லை. ஒவ்வொன்றும் ஒரு ரிப்பேர் பில். பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள், ஷூவை டைட் வையுங்கள், ஹோஸை மடக்கிப் பாருங்கள். டிஸ்க் பற்றி அப்புறம் பேசலாம்.

போன மாதம் மறுபடி ஆதனக்கோட்டை வழியாக வந்தோம். இந்தத் தடவை ஓரங்கட்டியது நாங்கள்தான். அம்மாவுக்கு முந்திரி வேண்டும் என்றார். நின்ற பிறகுதான் கவனித்தேன், என் கால் பழக்கத்தில் இரண்டு தடவை மிதித்திருந்தது. வண்டி முதல் மிதியிலேயே நின்றிருந்தது. பின்சீட்டிலிருந்து பையன் கேட்டான்: "ஏம்ப்பா ரெண்டு தடவ மிதிக்கிறீங்க?"

அவனுக்கு அது தெரிய வேண்டியதில்லை என்பதே எனக்குப் போதும்.